அழுகலுக்கு மருந்து இல்லை என்று சொல்லப் பழகுவோம்

சில மாதங்களுக்கு முன் நம் நண்பர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்கு நீலகிரியிலிருந்து ஒரு தம்பி வந்திருந்தார். வேலையை விட்டுவிட்டு, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, இயற்கை முறையில் உருளைக்கிழங்கு போட்டவர். பையில் நாலைந்து கிழங்கு கொண்டுவந்திருந்தார். மேல்தோல் நன்றாகத்தான் இருந்தது. கண் இருக்கும் இடங்களில் மட்டும் மண் ஈரமாக ஒட்டிக்கொண்டு, தட்டினாலும் விழவில்லை. "ஒரு கத்தி குடுங்க" என்றார். கிழங்கைக் குறுக்கே வெட்டினார். தோலுக்குச் சற்று உள்ளே, வளையல் வைத்து அச்சுப் போட்டதுபோல் பழுப்பாக ஒரு வளையம். இரண்டு விரலால் அழுத்தினார். வளையத்திலிருந்து சாம்பல் கலந்த வெள்ளையில் சளிபோல் கசிந்தது.

"இதுக்கு என்ன அடிக்கலாம்?" என்று கேட்டார்.

பதில்கள் மளமளவென்று வந்தன. பஞ்சகவ்யா மூணு சதவீதம் அடிங்க. புளிச்ச மோர்ல பெருங்காயம் கலந்து ஊத்துங்க. சூடோமோனாஸ் வேர்ல விடுங்க. ஜீவாமிர்தம் தொடர்ந்து விட்டா மண்ணு தானா சரியாயிடும். எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். என் முறை வந்தபோது, "தம்பி, இதுக்கு எதையும் அடிச்சுப் பிரயோஜனம் இல்ல. பணத்தையும் உழைப்பையும் மிச்சம் பண்ணுங்க" என்றேன். யாருக்கும் அது ரசிக்கவில்லை. "பேங்க்காரர் பேச்சு அப்படித்தான் இருக்கும்" என்றார் ஒரு பெரியவர். சிரித்துவிட்டுக் கலைந்தோம்.

அந்தத் தம்பி மட்டும் சிரிக்கவில்லை. அவர் முகத்தை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

பழையசீவரத்தில் பாலாற்றங்கரையில் இருப்பவனுக்கு உருளைக்கிழங்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் பக்கம் நெல், வேர்க்கடலை, கரும்பு, கொஞ்சம் காய்கறி. உருளை நன்றாகக் கிழங்கு பிடிக்க இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்க வேண்டும். எங்கள் ஊர் மார்கழிகூட அதற்குப் போதாது. ஆனால் அந்தக் கிழங்கை அழுக வைத்த அதே நோய் என் கத்தரித் தோட்டத்துக்கும் வந்தது. அதை நான்தான் வரவழைத்தேன் என்று நினைக்கிறேன். என்னிடமிருந்து அது இன்னும் இரண்டு தோட்டத்துக்குப் போயிருக்கலாம். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன். முதலில் நோய் என்ன என்று பார்ப்போம்.

எந்த அழுகல் என்று தெரிந்துகொள்வது

கிழங்கு அழுகினால் எல்லாவற்றையும் 'அழுகல் நோய்' என்ற ஒரே பெயரில் அழைக்கிறோம். தவறு அங்கேயே தொடங்குகிறது. உருளையில் முக்கியமாக மூன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது, தம்பி கொண்டுவந்தது. பாக்டீரியா வாடல், கிழங்கில் வந்தால் பழுப்பு அழுகல். ரால்ஸ்டோனியா சொலனேசியாரம் என்ற பாக்டீரியா இதற்குக் காரணம். செடியில் இதன் அடையாளம் தெளிவானது. நடுப்பகலில் ஒரு கிளையோ செடியின் ஒரு பக்கமோ தலை சாயும். சாயங்காலம் நிமிர்ந்துவிடும். 'வெயிலுக்கு வாடியிருக்கு' என்று தண்ணீர் விடுவோம். இரண்டு மூன்று நாளில் நிமிராது. இலை அதிகம் மஞ்சளாகாமல், பச்சையாக இருக்கும்போதே செடி செத்துப்போகும். கிழங்கில் பழுப்பு வளையம், அழுத்தினால் சளி, கண்ணில் ஒட்டிய மண்.

இரண்டாவது, மென் அழுகலும் கருங்கால் நோயும். பெக்டோபாக்டீரியம் வகைப் பாக்டீரியாக்கள் இதைச் செய்கின்றன. பழைய புத்தகங்களில் எர்வீனியா என்று இருக்கும். கருங்காலில் தண்டின் அடி மை பூசினாற்போல் கறுத்து அழுகும். இலை மஞ்சளாகி மேல்நோக்கிச் சுருளும். செடியைப் பிடித்து இழுத்தால் சுலபமாகக் கையோடு வரும். மென் அழுகலில் தோல் அப்படியே இருக்க, உள்சதை கூழாகிவிடும். நல்ல சதைக்கும் அழுகிய சதைக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு தெரியும். கொஞ்ச நேரத்தில் நாற்றம் குடலைப் பிடுங்கும். மண்டியில் மூட்டை அடியில் தண்ணீர் சொட்டுவது பெரும்பாலும் இதுதான்.

மூன்றாவது, பின்கருகல். இது பாக்டீரியா இல்லை. பூஞ்சாணம் போன்ற ஒன்று. 1845இல் அயர்லாந்தில் பெரும் பஞ்சத்தைக் கொண்டுவந்தது இதுதான். இலையில் கறுப்புத் திட்டு, காலையில் பனி ஈரத்தோடு இலையைத் திருப்பினால் அடியில் வெள்ளைப் பூசணம். கிழங்கை வெட்டினால் செம்பழுப்பில் வறண்ட கறை. கசிவு இருக்காது. ஆனால் அந்தக் காயத்தின் வழியே மென் அழுகல் பாக்டீரியா நுழைந்தால் பிறகு எல்லாம் ஒன்றாகக் கூழாகிவிடும்.

இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் காசு இருக்கிறது. பின்கருகலுக்கு முன்கூட்டியே போர்டோ கலவை அடித்தால் பலன் உண்டு. வாடல் நோய்க்கு அதே கலவையை அடித்தால் தாமிரமும் கூலியும் வீண்.

வாடல் நோயைக் கண்டுபிடிக்க ஆய்வகம் வேண்டாம். ஒரு கண்ணாடி டம்ளர் போதும். புதிதாக வாடிய செடி ஒன்றை எடுங்கள், காய்ந்துபோனது உதவாது. தண்டின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத்துக்குச் சுத்தமாக அறுத்துக்கொள்ளுங்கள். டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, அறுத்த முனை மட்டும் தண்ணீருக்குள் இருக்கும்படி நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். அசைக்காதீர்கள். பாக்டீரியா வாடலாக இருந்தால் சில நிமிடங்களில் அறுத்த வாயிலிருந்து பால் இழைபோல் வெள்ளையாகக் கீழே இறங்கும். பூஞ்சாணத்தால் வந்த வாடலில் அந்த இழை வராது. கத்தரி, தக்காளி, மிளகாய் எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான்.

ஏன் மருந்து இல்லை?

அந்தப் பால் இழையைப் பார்த்தாலே காரணம் புரிந்துவிடும். செடி தண்ணீர் குடிக்கிற குழாய்க்குள் கோடிக்கணக்கில் பாக்டீரியா பெருகி, சளியால் குழாயை அடைத்துவிடுகிறது. வயலில் தண்ணீர் நிற்கும், செடி தாகத்தில் சாகும். இலைமேல் அடிப்பது அந்தக் குழாய்க்குள் போய்ச் சேராது. வேரில் ஊற்றுவதும் அடைபட்ட குழாயைத் திறக்காது.

இந்த விஷயத்தில் ரசாயன விவசாயியும் நம்மைப் போலவே கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்கிறார். உரக்கடையில் ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த பொடி தருவார்கள். அது மனிதருக்குக் கொடுக்கிற ஆன்டிபயாட்டிக். அதையும் டெட்ராசைக்ளினையும் பயிருக்குப் பயன்படுத்துவதை நிறுத்த 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் வரைவு உத்தரவு வெளியிட்டது. பாக்டீரியா மருந்துக்குப் பழகிப்போனால் நாளை ஆஸ்பத்திரியில் நமக்கே வேலை செய்யாது என்பதுதான் கவலை. அவ்வளவு விலை கொடுத்து அடித்தாலும் வாடிய செடி எழுவதில்லை.

இது புது நோயும் இல்லை. கனடாவிலிருந்து மைசூர் சமஸ்தானத்துக்கு வேளாண் விஞ்ஞானியாக வந்த லெஸ்லி கோல்மன், 1909இலேயே உருளையின் 'வளைய நோய்' பற்றி ஒரு சிறு நூல் எழுதி வெளியிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அன்று முதல் இன்றுவரை அடிப்படை விடை மாறவில்லை: சுத்தமான விதைக்கிழங்கு, மாற்றுப் பயிர், தண்ணீர்க் கட்டுப்பாடு. தெளிக்கும் மருந்தால் இதை ஒழித்தவர்கள் யாரும் இல்லை.

நீலகிரி சொல்லும் பாடம்

1820களில் ஜான் சல்லிவன் காலத்தில் உதகையில் உருளைக்கிழங்கு காலூன்றியது. 1957இல் முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1961இல் உதகை வயல்களில் உருளைக்கிழங்கு முட்டைக்கூட்டு நூற்புழு இருப்பது தெரிந்தது. வேரைத் துளைக்கும் கண்ணுக்குத் தெரியாத புழு. இதுவும் அடிக்கிற மருந்தால் மண்ணைவிட்டுப் போகவில்லை. கடைசியில் 1971இல், நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்று சட்டப்படி தடை போட்டார்கள். மலை விவசாயிக்கு அது பெரிய நஷ்டம். ஆனாலும், விதைக்கிழங்கோடு நோய் ஊர் ஊராகப் போகும் என்பதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டு வேலி போட்ட செய்தி அது. தவிர, நூற்புழு துளைத்த வேர் பாக்டீரியாவுக்குத் திறந்த கதவு. ஒன்று இருக்கும் வயலில் இன்னொன்றுக்கு வேலை சுலபம்.

மலையில் இன்னொரு சிக்கல். கார்போகம், கடைபோகம், நீர்போகம் என்று ஒரே பகுதியில் வருஷம் முழுக்க எங்காவது உருளை நின்றுகொண்டே இருக்கும். நோய்க்குப் பட்டினியே கிடையாது. குளிரில் அது அடங்கியும் கிடக்கும். மலையில் அறுவடை செய்த கிழங்கு வெட்டினாலும் பளிச்சென்று இருக்கலாம். அதையே வெப்பமான ஊரில் நட்டால் வாடல் வெளியே வரும். கொடுத்தவர் மேலும் தப்பில்லை, வாங்கியவர் மேலும் தப்பில்லை. நோய் மட்டும் ஊர் மாறிவிட்டது.

தண்ணீரும் சுமக்கும். 1995இல் நெதர்லாந்தில் பழுப்பு அழுகல் பரவியபோது ஆராய்ந்து பார்த்தார்கள். கால்வாய் ஓரத்தில் வளர்ந்த ஒரு காட்டுச் செடியின் வேரில் பாக்டீரியா குடியிருந்து, தண்ணீரில் கலந்து, பாசனத்தின் வழியே வயலுக்குப் போயிருந்தது. அது கத்தரி, உருளைக் குடும்பத்துச் செடிதான். பாதிப்புள்ள பகுதிகளில் அந்தத் தண்ணீரை உருளைக்குப் பாய்ச்சவே தடை விதித்தார்கள். அவ்வளவு வசதி உள்ள நாடே மருந்தைத் தேடாமல் மதகை மூடியது.

என் கணக்கில் எழுதிய தவறு

இப்போது என் கதை. இரண்டு வருஷத்துக்கு முன் எரு பற்றாக்குறை. மண்டியில் கழித்துப் போடும் காய்கறிக் கழிவை டிராக்டரில் ஏற்றிவந்து குழியில் கொட்டினேன். அதில் அழுகிய உருளைக்கிழங்கு ஏராளம். 'எல்லாம் மக்கினால் மண்தானே' என்ற தைரியம். குழி சூடேறவில்லை, திருப்பிப் போடவும் இல்லை. பாதி மக்கியதை அள்ளி நாற்றங்காலிலும் கத்தரிப் பாத்தியிலும் போட்டேன். நாற்று தளதளவென்று வந்தது. பெருமையாக இருந்தது. நாலு பேருக்கு இலவசமாகக் கொடுத்தேன்.

பூ எடுக்கும் நேரத்தில் என் கத்தரி தலை சாய ஆரம்பித்தது. பஞ்சகவ்யா அடித்தேன். மோர்க்கரைசல் விட்டேன். அடித்த மறுநாள் காலை செடி நிமிர்ந்து நிற்கும். 'பார்த்தியா, வேலை செய்யுது' என்று வீட்டில் சொல்வேன். மத்தியானம் மறுபடி சாயும். காலையில் நிமிர்வது இந்த நோயின் குணம், என் கரைசலின் குணம் இல்லை என்று புரிவதற்குள் பத்து நாள் போய்விட்டது. அந்தப் பத்து நாளும் செத்த செடியைப் பிடுங்கி வரப்பில் போட்டேன். அதே களைக்கொத்தால் நல்ல செடிக்கு மண் அணைத்தேன். அதே வாய்க்காலில் கடைசிப் பாத்திவரை தண்ணீர் விட்டேன். நோயை வீடு வீடாகக் கொண்டுபோய் விட்டவன் நான்.

டம்ளர் சோதனையை அதற்கப்புறம்தான் செய்தேன். பால் இழை இறங்கியது.

அழுகிய உருளையிலிருந்துதான் வந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். மண்ணிலேயே முன்பிருந்து இருந்திருக்கலாம். ஆனால் நாற்று வாங்கிப் போன நாலு பேரில் இரண்டு பேர் தோட்டத்திலும் செடி சாய்ந்தபோது வேறு காரணம் தேட எனக்கு மனசு வரவில்லை. அதில் ஒரு அம்மா, அரை ஏக்கரில் காய் பறித்து வாலாஜாபாத்தில் தானே உட்கார்ந்து விற்பவர். "செடி பச்சையாவே சாயுது சார், இன்னா மருந்து வெக்கறது?" என்று என்னிடமே வந்து கேட்டார். நான் கொடுத்த நாற்று என்பதை அவர் நினைவுபடுத்தவே இல்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன். தவணை 90 நாள் தாண்டினால் வாராக்கடன், குறுகிய காலப் பயிர்க்கடன் என்றால் இரண்டு போகம் தாண்டினால் வாராக்கடன் என்று ஏட்டில் எழுதியே ஆக வேண்டும். எழுத மனம் வராத அதிகாரி என்ன செய்வார் தெரியுமா? புதுக்கடன் கொடுத்து அதிலேயே பழையதை அடைத்ததாகக் காட்டுவார். ஏடு சுத்தமாக இருக்கும். பள்ளம் பெரிதாகிக்கொண்டே போகும். வாடிய செடிக்குக் கரைசல் அடித்துக் காலையில் நிமிர்ந்ததைப் பார்த்துத் திருப்திப்பட்டபோது நான் செய்ததும் அதுதான். முதல் செடி சாய்ந்த அன்றே 'இது போச்சு' என்று எழுதியிருந்தால் பாதித் தோட்டம் மிஞ்சியிருக்கும்.

நம் நல்ல பழக்கங்கள்மேல் ஏறிப் போகும் நோய்

என் வருத்தம் ஒரு தோட்டம் போனதில் மட்டும் இல்லை. இந்த நோய் போகிற பாதை எல்லாம் நம் இயக்கம் பெருமைப்படுகிற பாதையாகவே இருக்கிறது. கழிவை எருவாக்குகிறோம். விதையை விற்காமல் பகிர்ந்துகொள்கிறோம். நாற்றை இலவசமாகக் கொடுக்கிறோம். மூன்றும் நல்லதுதான், விடக்கூடாது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு செய்தால் மூன்றும் நோய்க்கு வண்டி.

நெல் ஜெயராமன் ஐயா திருத்துறைப்பூண்டிப் பக்கம் நெல் திருவிழாவில் ஏற்படுத்திய வழக்கம் நமக்குத் தெரியும். 2 கிலோ விதைநெல் வாங்கினால் அடுத்த வருஷம் 4 கிலோ திருப்பித் தர வேண்டும். எத்தனை மரபு ரகங்கள் அப்படி மீண்டு வந்தன! அந்த உற்சாகத்தில் நாம் இப்போது விதைத் திருவிழாக்களில் கிழங்கும் மஞ்சளும் இஞ்சியும் வாழைக்கன்றும் பரிமாறிக்கொள்கிறோம். நெல்மணியும் கிழங்கும் ஒன்றல்ல. கிழங்கு என்பது தாய்ச்செடியின் உடம்பில் ஒரு துண்டு. தாய்க்கு இருந்த நோய் அதில் அப்படியே இருக்கும். அங்கே 2 கிலோ 4 கிலோ ஆகும்போது நோயும் இரண்டு மடங்கு ஆகிறது. வேர்மண்ணோடு கொடுக்கிற நாற்றும் அப்படித்தான்.

'உயிருள்ள மண்ணில் நோய் வராது' என்று சிலர் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. கரிமச்சத்தும் பலவகை நுண்ணுயிரும் நிறைந்த மண்ணில் இந்தப் பாக்டீரியாவுக்குப் போட்டி அதிகம், வேகம் குறையும். சூடோமோனாஸில் விதை நேர்த்தி செய்வதும் ட்ரைகோடெர்மா கலந்த தொழுவுரம் போடுவதும் நல்ல வேலி. நானும் செய்கிறேன். வேலி, மாடு வருவதற்கு முன்னால் போடுவது. மேய்ந்து முடித்த பிறகு வேலி போட்டுவிட்டு அதற்கு மருந்து என்று பெயர் வைக்கக் கூடாது.

பொய்யான நம்பிக்கை கொடுத்தால் யாருக்கு நஷ்டம்? பழம் தின்று கொட்டை போட்ட நமக்கு இல்லை. ஒரு ஏக்கருக்குக் கிட்டத்தட்ட ஒரு டன் விதைக்கிழங்கு வாங்கிப் போட்ட அந்தத் தம்பி மாதிரி புதிதாக வருகிறவருக்கு. ஒரு போகம் நம் கரைசலை நம்பிக் காத்திருந்து தோற்றால் அவர் மட்டும் திரும்பிப் போவதில்லை. 'இயற்கை விவசாயம்னு சொல்லி ஏமாத்திட்டாங்க' என்று பத்து பேரிடம் சொல்லிவிட்டுப் போவார். 2023 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அங்கக வேளாண்மைக் கொள்கை வெளியிட்ட பிறகு புதிதாகக் கேட்டு வருகிறவர்களுக்கு நாம் கொடுக்கிற முதல் பதிலாவது உண்மையாக இருக்க வேண்டாமா?

செய்ய வேண்டியவை

மலையில் உருளை போடுகிறவர்களுக்கு:

விதைக்கிழங்கு எந்த வயலில் விளைந்தது, அங்கே வாடல் இருந்ததா என்று கேட்காமல் வாங்காதீர்கள். மூட்டைக்குப் பத்து கிழங்கு எடுத்து, வெதுவெதுப்பான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்து, பிறகு வெட்டிப் பாருங்கள். ஒளிந்திருக்கும் நோய் சூட்டில் வெளியே வர வாய்ப்புண்டு. ஒன்றில் வளையம் தெரிந்தாலும் அந்த மூட்டையை விதைக்கு வைக்காதீர்கள்.

30 முதல் 50 கிராம் எடையுள்ள முழுக்கிழங்காக நடுங்கள். வெட்டி நட்டால் ஒரு நோய்க்கிழங்கை வெட்டிய கத்தி அடுத்தடுத்த கிழங்குக்கெல்லாம் நோயைத் தடவும். வெட்டியே ஆக வேண்டுமென்றால் இரண்டு கத்தி வைத்துக்கொண்டு, ஒன்று கொதிநீரில் கிடக்க மற்றொன்றால் வெட்டுங்கள்.

நோய் கண்ட வயலில் குறைந்தது இரண்டு மூன்று வருஷம் உருளை, தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம். பூண்டு, கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், ராகி, மக்காச்சோளம் போடலாம். அந்தக் காலத்தில் தானாக முளைக்கும் உருளைச் செடியையும், மணத்தக்காளி, ஊமத்தை போன்ற அதே குடும்பத்துக் களைகளையும் விடாமல் பிடுங்க வேண்டும். இந்தப் பாக்டீரியா தங்கக்கூடிய செடிகள் 200 வகைக்கு மேல். நாம் பயிரை மாற்றிவிட்டுக் களையை விட்டுவைத்தால் அது களையில் காத்திருக்கும்.

சாய்ந்த செடியை வேர்மண்ணோடும் கிழங்கோடும் தோண்டிச் சாக்கில் போட்டு வெளியே எடுத்துப்போய் எரித்துவிடுங்கள். ஈரக்கிழங்கு எரியாது, அதை வயலுக்கு வெளியே ஆழமாகப் புதையுங்கள். ஓடையில் வீசக் கூடாது, எருக்குழியிலும் போடக் கூடாது. மாட்டுக்குப் போடுவதானால் நன்றாக வேகவைத்துப் போடுங்கள். நோய் வயலில் வேலையை நாளின் கடைசியில் வைத்துக்கொண்டு, கொத்தையும் காலையும் கழுவிவிட்டு வெளியே வாருங்கள். அந்த வயலின் வடிகால் கீழே உள்ளவர் வயலுக்குள் போகாமல் பாருங்கள்.

மென் அழுகலுக்கு எதிரி காற்றோட்டம். மண்ணில் தண்ணீர் தேங்கினால் கிழங்கின் மூச்சுத் துளைகள் வெள்ளையாகப் பொரிந்து விரியும், அதன் வழியே பாக்டீரியா நுழையும். ஆகவே பாரை உயர்த்திப் போட்டு வடிகால் எடுங்கள். அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்பே பாசனத்தை நிறுத்தி, தழையை அறுத்துவிட்டால் தோல் கெட்டிப்படும். காயம்படாமல் தோண்டி, வெயிலில் போடாமல், கழுவாமல், நிழலில் காற்றாடப் பத்துப் பதினைந்து நாள் வைத்துப் பிறகு தரம் பிரியுங்கள். ஈரக்கிழங்கை மூட்டையில் கட்டினால் அழுகலைக் கையோடு கட்டுவதாக அர்த்தம்.

எங்களைப் போல் சமவெளியில் கத்தரி, தக்காளி போடுகிறவர்களுக்கு:

வாடல் வந்த மண்ணில் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நன்றாகத் தாங்குகிறது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சூர்யா, ஹரிதா, பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆர்கா நிதி, ஆர்கா கேசவ் ஆகியவை வாடலைத் தாங்கும் கத்தரி ரகங்கள். நம் மரபு ரகங்களில் எது தாங்குகிறது என்பதை நாமே நோய் மண்ணில் வரிசையாக நட்டுக் குறித்து வைக்க வேண்டும். வசதி இருந்தால் ஒரு போகம் நெல் வைத்து நிலத்தில் தண்ணீர் நிறுத்துங்கள், பாக்டீரியா குறையும். மண்டிக் கழிவைக் குழியில் கொட்டாமல் தரைமேல் குவியலாக, வைக்கோலும் சாணமும் கலந்து போட்டு, நடுவில் 55 டிகிரிக்கு மேல் பல நாள் சூடேற விட்டு, ஓரத்தில் இருப்பது உள்ளே போகும்படி பலமுறை திருப்புங்கள். ஒரு இரும்புக் கம்பியைச் செருகி வைத்து எடுத்தால் கையில் பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். மண்புழுத் தொட்டி இந்த அளவுக்குச் சூடேறாது. அழுகிய கிழங்கை நேராக அதில் போடாதீர்கள்.

மூன்று கோரிக்கை

நம் இயக்கத்துக்கு மூன்று கோரிக்கை வைக்கிறேன். விதைத் திருவிழாக்களில் கிழங்கு, இஞ்சி, மஞ்சள், கன்று, நாற்று ஆகியவற்றுக்குத் தனி மேசை போடுவோம். எந்த நிலத்தில் விளைந்தது, அங்கே என்ன நோய் இருந்தது என்ற சீட்டு இல்லாமல் எதுவும் கைமாற வேண்டாம். இரண்டாவது, 'வாடல் குணமானது', 'அழுகல் ஒரே வாரத்தில் போனது' என்று யார் அனுபவம் எழுதினாலும், டம்ளர் சோதனை செய்தீர்களா, சிகிச்சை செய்யாத பாத்தி ஒன்றை ஒப்பிட்டுப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுப் பத்திரிகையில் போடுவோம். மூன்றாவது, தன் வயலில் நோய் வந்ததை மறைக்காமல் சொல்கிறவரை ஏளனம் செய்யாமல் இருப்போம். ஏளனத்துக்குப் பயந்தால் எல்லாரும் ஏட்டைச் சுத்தமாகத்தான் வைத்திருப்பார்கள்.

நீலகிரித் தம்பி இப்போது அந்த வயலில் பூண்டு போட்டிருக்கிறார். குத்தகைக் கணக்கு இந்த வருஷம் நேராகாது. நிலத்தை விட்டுப் போகவில்லை, அதுவே எனக்குப் போதும்.

வாலாஜாபாத்தில் காய் விற்கும் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அடுத்த வருசமும் நாத்து குடுங்க சார். ஆனா அந்த டம்ளர்ல போட்டுக் காட்டிட்டு குடுங்க." வாடாத நாற்றில் டம்ளர் எதையும் காட்டாது என்பதை அவருக்கு விளக்கினேன். அதனால் இப்போது என் தோட்டத்து மண்ணே படாமல், குழித்தட்டில் மக்கிய தென்னை நார்க்கழிவில் நாற்று விடுகிறேன். அதை அவர் வீட்டுக்கே கூப்பிட்டு வந்து காட்டினேன். தட்டை எடுத்துத் திருப்பி அடிப்பக்கம் வேரைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கிக்கொண்டு போனார். நாம் எல்லாரும் அப்படித் திருப்பிப் பார்த்து வாங்க வேண்டும். கொடுக்கிறவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.